பக்கத்து இலை

வெள்ளாழிக் குடியரசில் பந்தியில் உட்கார்ந்த யாரும் தன் இலைக்கு எதையும் கேட்கக் கூடாது. சாம்பார் வேண்டுமென்றால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து, "இந்த இலைக்குச் சாம்பார் கொண்டாங்க" என்று குரல் கொடுப்பார். கொண்டுவந்ததும் சட்டென்று வாங்கிக்கொள்வதும் தப்பு. இலைக்குக் குறுக்கே கையை வைத்து, "போதும், போதும்" என்று சொல்ல வேண்டும். பரிமாறுகிறவர் அந்தக் கையை விலக்கிவிட்டு ஊற்றுவார். மற்ற ஊர்களில் பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்கிறவனைக் கேலி செய்வார்கள். வெள்ளாழியில் அப்படிக் கேட்கத் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள்.

குடியரசு என்று பெயர்தான் பெரிது. கடலுக்கு நடுவே மூன்று மணல்திட்டுகள், ஒரு காலத்தில் உப்பளத்து வேலைக்காகக் கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களின் வாரிசுகள் பதினோராயிரம் பேர். கொடி உண்டு, தேசிய கீதம் உண்டு, உலக மாநாடுகளில் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி உண்டு. குடிநீர்தான் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மணலுக்கு அடியில் மழைநீர் மெல்லிய படலமாகத் தேங்கி நிற்கும்; அதை நம்பித்தான் ஊரே இருந்தது. கடல் உயர உயர அந்தப் படலத்தில் உப்பு ஏறியது. முதலில் காபி கரித்தது. பிறகு பிள்ளைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு வர ஆரம்பித்தது.

கையில் இருந்த வசதி ஒரே ஒரு பெரிய காரியத்துக்குத்தான் போதும். கடற்சுவர் கட்டலாம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வைக்கலாம். எல்லோருமாக வேறு நிலம் தேடிப் போகலாம். எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்தால் எதுவும் உருப்படாது. எனவே அரசாங்கம் மக்களிடமே ஒரு பொது உரையாடலைத் தொடங்கியது. கேள்வி ஒன்றுதான்: நம் எதிர்காலத்தில் முதலில் எது?

கூட்டம் போட்டு மைக்கைக் கையில் கொடுத்துக் கேட்டிருந்தால் தொண்டை பெரிதாக இருப்பவனின் எதிர்காலம்தான் கிடைத்திருக்கும். அதனால் வீட்டுக்கு ஒரு செவியன் வந்தது. சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கருவி. சமைக்கும்போதும் வலையைச் சரிபார்க்கும்போதும் பேச்சுக் கொடுக்கும், கேட்கும், மறுபடி கேட்கும். ஒருவர் என்ன சொன்னார் என்பதைவிட என்ன நினைத்துச் சொன்னார் என்று கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை. கடைசியில் எல்லா மனங்களையும் ஒன்றாகக் கலந்து, நாட்டின் முதல் விருப்பம் இதுதான் என்று அறிவிக்கும். அறிவித்தபின் அது சட்டம்.

செவியன் வெளிநாட்டில் செய்தது. அதற்குத் தமிழ் நன்றாகத் தெரியும், வெள்ளாழிக்காரர்களைத் தெரியாது. அதைப் பழக்குவதற்காக உரையாடல் அலுவலகத்தில் அமலோற்பவம் என்ற தமிழாசிரியையை வேலைக்கு வைத்தார்கள். ஊருக்கு அவள் அமலி. கணவன் ஏதோ ஒரு துறைமுகத்தில் வேறு குடும்பத்தோடு தங்கிவிட்டான். ஏழு வயதில் ஜோவிட்டா என்று ஒரு மகள். அந்தப் பிள்ளைதான் அமலியின் உலகம், இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. அவள் மாதக்கணக்கில் செவியனுக்குப் பாடம் எடுத்தாள். வேலையைச் சுத்தமாகத்தான் செய்தாள்.

முடிவை அறிவித்த அன்று மைதானம் நிரம்பி வழிந்தது. மன்றச் செயலர் தேவசகாயம் இஸ்திரி போட்ட வேட்டியில் மேடையேறினார். ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பந்தியை மேற்பார்வை செய்கிற மனிதர் அவர். குரல் தழுதழுத்தது.

"நம்ம நாட்டுல ஒரு குரல் கூட விட்டுப்போகல. எல்லாரோட மனசும் ஒரே பக்கம்தான் சாஞ்சிருக்கு. சுவர் இல்ல, ஆலை இல்ல. நாம முதல்ல கேட்டிருக்கறது பிள்ளைங்களோட எதிர்காலம்" என்றார்.

விஷயத்தை அவர் விளக்கிச் சொன்னார். மேற்கே ஒரு பெரிய நாடு இருந்தது. அங்கே தொட்டில்கள் காலியாகிப் பள்ளிக்கூடங்கள் மூடிக்கொண்டிருந்தன. ஐந்து முதல் பதினான்கு வயது வரை உள்ள வெள்ளாழிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் எடுத்துக்கொள்ள அது தயாராக இருந்தது. குடியுரிமை, படிப்பு, வைத்தியம், நல்ல தண்ணீர் எல்லாம் உண்டு. பெற்றோருக்கு மட்டும் அனுமதி இல்லை. அனுப்பினால் எல்லாப் பிள்ளைகளையும் அனுப்ப வேண்டும், பாதிப் பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். அமலியும் தட்டினாள். பக்கத்தில் நின்ற தங்கபுஷ்பம் அவள் தோளை அணைத்து, "உன் மனசு போலவே நடந்திருச்சு அமலி" என்றாள். தங்கபுஷ்பம் அடுத்த வீட்டுக்காரி, கருவாட்டு வியாபாரி, ஒன்பது வயதுப் பவளத்தின் அம்மா. அமலி தட்டுவதை நிறுத்தினாள். என் மனசு போலவா? என் பிள்ளையை அனுப்ப வேண்டும் என்று நான் எப்போது சொன்னேன்?

அவள் செவியனிடம் சொன்னது அவளுக்கே நன்றாக நினைவிருந்தது. "பக்கத்து வீட்டுப் பவளம் ரொம்பக் கெட்டிக்காரப் பிள்ளை. இந்த உப்புத்தண்ணியில கிடந்து வீணாப் போகாம வெளிய எங்கயாவது போய் நல்லா இருக்கணும்" என்றுதான் சொல்லியிருந்தாள்.

மைதானத்திலிருந்து நேராக அலுவலகத்துக்குப் போனாள். ஆளில்லாத அறையில், எல்லா வீட்டுப் பெட்டிகளுக்கும் தலைமையான செவியன் மேசைமேல் இருந்தது.

"தன் பிள்ளைய அனுப்பணும்னு எத்தனை பேர் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஒருவரும் சொல்லவில்லை."

அமலி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அப்புறம் எப்படி இந்த முடிவு?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளை போகட்டும், எதிர்வீட்டுப் பிள்ளை பிழைக்கட்டும் என்றார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசிய ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்கு ஒருவர் கேட்பது அவருடைய சொந்த விருப்பம்தான், வெட்கத்தால் மாற்றிச் சொல்கிறார் என்று நீங்கள் கற்றுக்கொடுத்தீர்கள்."

"நான் குழாய்க்குச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்குக் குழாய் வேணும்னா அவனுக்கும் வேணும்னு அர்த்தம். ரோட்டு விளக்கும் அப்படித்தான். பிள்ளை அப்படி இல்ல."

"எது குழாயைப் போன்றது, எது அப்படி இல்லை என்று நீங்கள் சொல்லவில்லை."

சொல்லத்தான் இல்லை. யாருக்குத் தோன்றும்? ஊரான் பிள்ளை எங்காவது போய் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்துகிற ஒருத்தி, தன் பிள்ளை தன் இடுப்பை விட்டு இறங்கக் கூடாது என்று நினைப்பதில் என்ன முரண்? உலகத்தில் எல்லாத் தாயும் அப்படித்தான். அதை ஒரு பெட்டிக்குப் பாடமாக எடுக்க வேண்டும் என்று யாரும் யோசிக்க மாட்டார்கள்.

"யாராவது என் பிள்ளை என்கூடவே இருக்கணும்னு சொன்னாங்களா?"

"சிலர் சொன்னார்கள். அவற்றைச் சேர்க்கவில்லை. தனக்கென்று ஒருவர் வாய்விட்டுக் கேட்டால் அது கோபத்திலோ போதையிலோ வந்த பேச்சு, மறுநாள் மானம் போனதாக வருந்துவார், அதை விட்டுவிடு என்று நீங்கள்தான் சொன்னீர்கள்."

அதுவும் உண்மைதான். முன்பு ஒரு மீனவர் குடித்துவிட்டு எனக்குப் படகு இன்ஜின் வேண்டும் என்று செவியனிடம் கத்திவிட்டார். போதை தெளிந்ததும் அமலியின் வாசலில் வந்து நின்று, எப்படியாவது அதை அழித்துவிடும்படி தலைகுனிந்து கெஞ்சினார். அவருடைய மானத்தைக் காப்பாற்றத்தான் அந்த இரண்டாவது பாடம்.

மறுநாள் காலை தேவசகாயத்தின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்தார்.

"பெட்டிய நான் திருத்தறேன் ஐயா. மறுபடி கேட்போம்."

"உரையாடல் முடியிற வரைக்கும் பெட்டியில கை வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? நாமதான். மறுபடி கேக்கறதா இருந்தா அந்த நாடு காத்திருக்குமா சொல்லு. அவங்களுக்குப் பிள்ளை குடுக்க எத்தனையோ தீவு வரிசையில நிக்குது."

"அதுக்காக?"

"மறுப்பு நாள் இருக்குல்ல. ஒரே ஒரு மறுப்பு நின்னாக் கூட எல்லாம் ரத்து, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். உனக்காக யாராவது எந்திரிப்பாங்க அமலி." துடைத்த கண்ணாடியை மாட்டாமலே கையில் வைத்திருந்தார். "என் பேத்திக்காக எதிர்வீட்டுக்காரன் எந்திரிப்பான்னுதான் நானும் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

மறுப்பு நாளுக்கும் வெள்ளாழியின் முறைதான். தனக்காக யாரும் மறுக்க முடியாது. பக்கத்து வீட்டார் எழுந்து, இன்னாருக்கு இது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவர் அதை ஏற்றுக்கொண்டதாகச் செவியனுக்குத் தோன்ற வேண்டும். எனக்காக எழுந்து பேசு என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது பிச்சை எடுப்பதைவிடக் கேவலம். ஆகவே அமலி ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனாள்.

"ஜோவிட்டா இன்னமும் என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டுதான் தூங்குறாக்கா" என்றாள் சம்பந்தமில்லாமல்.

தங்கபுஷ்பம் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். "பவளம் மட்டும் என்ன, நான் தலை வாரலைன்னா அன்னிக்குப் பள்ளிக்கூடமே போகமாட்டா" என்றாள். பிறகு, "அங்க நல்லா வாரி விடுவாங்களா இருக்கும்" என்றாள்.

"நல்ல தண்ணி இருக்குமாம்."

"ஆமாமா. தண்ணி நல்லா இருக்கும்."

கிண்ணம் கைமாறியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், உடனே வேறு பக்கம் பார்த்தார்கள். இவள் திடமாக இருக்கிறாள், நாம்தான் பலவீனம் என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள். அவ்வளவு நல்லவர்களாக இருப்பதும் ஒரு சாபம்தான்.

மறுப்பு நாளில் மைதானம் நிறைந்திருந்தது, யார் முகத்திலும் ஈயாடவில்லை. மேடையில் ஒரு மேசை, அதன்மேல் செவியன், பக்கத்தில் தேவசகாயம். வெயில் ஏறியும் யாரும் எழவில்லை. அமலிக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது. தன் வாயால் ஜோவிட்டாவைக் காப்பாற்ற முடியாது, ஆனால் பவளத்தைக் காப்பாற்றினால் ஜோவிட்டாவும் நின்றுவிடுவாள். எழுந்தாள்.

"பவளத்த அனுப்பக் கூடாது. அம்மா இல்லாம அந்தப் பிள்ளை இருக்காது. தங்கபுஷ்பம் அக்காவுக்கு இது வேண்டாம்."

கூட்டம் முழுவதும் மூச்சு விட்டது போலிருந்தது. தேவசகாயத்தின் முகத்தில் ரத்தம் ஏறியது. "தங்கபுஷ்பம், என்னம்மா சொல்ற?" என்றார் அவசரமாக.

தங்கபுஷ்பம் எழுந்தாள், கண்கள் நிறைந்துவிட்டன. அவள் உதடு ஆமாம் என்று சொல்லத்தான் துடித்தது. ஆனால் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு பந்தியிலும் பழகிய கை அது, தானாகவே நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே போனது. "ஐயோ, எனக்காக வேண்டாங்கய்யா. ஊருக்கு எப்படியோ அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

இன்னொரு முறை வற்புறுத்த வேண்டும், அதுதான் வழக்கம். தேவசகாயம் அதற்காக வாயைத் திறந்தார். அதற்குள், "அவர் ஏற்கவில்லை. மறுப்பு நிற்காது" என்றது செவியன். கையை விலக்கிவிட்டுப் பரிமாற வேண்டும் என்பதை அமலி அதற்குச் சொல்லித்தரவில்லை. வீட்டில் பெட்டியோடு தனியாகப் பேசியவர்களுக்கு அந்தத் தேவையே வரவில்லை.

தங்கபுஷ்பம் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் உணர்ந்தாள். நின்ற வாக்கிலேயே திரும்பி, "அமலிக்கும் வேண்டாம். ஜோவிட்டாவ அனுப்பக் கூடாது. அவளுக்கு அந்தப் பிள்ளைய விட்டா யாரும் இல்ல" என்றாள். சொல்லும்போது குரல் உடைந்தது.

எல்லோரும் அமலியைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று இப்போதுதான் பார்த்திருந்தாள். மானமாவது மண்ணாவது என்று ஒரு வேகம் வந்தது. "ஆமா. எனக்கு வேணும். என் பிள்ளை எனக்கு வேணும். நான் அனுப்ப மாட்டேன்" என்றாள்.

வெள்ளாழி மைதானத்தில் அப்படி ஒரு பேச்சை அதுவரை யாரும் கேட்டதில்லை. பெண்கள் தலை குனிந்தார்கள். முன்வரிசையில் ஒருவர் செருப்பைத் தேடுவதுபோலக் கீழே பார்த்தார். அவளைப் பார்ப்பதே அவளை அவமானப்படுத்துவது என்று அவர்களுக்குப் பட்டது. அது மரியாதைதான், வேறெதுவும் இல்லை.

"தனக்காகக் கேட்கிறார். இதைச் சேர்ப்பதில்லை" என்றது செவியன், அவள் சொல்லிக்கொடுத்த அதே தமிழில்.

பதினோராயிரம் பேரில் இன்னொருவர் எழுந்திருக்கக் கூடாதா, ஒரு பெட்டியைத் தூக்கிக் கடலில் எறிய எவ்வளவு நேரம் ஆகும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவனுக்கு இதில் சம்மதம் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். அவன் பிள்ளைக்குக் கிடைத்த நல்வாழ்வைத் தட்டிப் பறிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. தேவசகாயம் எதிர்வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்ததும் மேடையில் இருந்தபடியே தேவசகாயம் கூட்டம் முடிந்தது என்று சொன்னார்.

கப்பல் வந்த காலையில் துறைமுகத்தில் தங்கபுஷ்பம் ஜோவிட்டாவுக்கு இட்லி ஊட்டினாள். அமலி பவளத்துக்கு இரட்டைச் சடை பின்னினாள். தன் பிள்ளைக்காகத் தானே அழுவதும் அங்கே வழக்கமில்லை. அமலி பவளத்தைக் கட்டிக்கொண்டு, "என் தங்கமே, உன்ன எப்படி விடுவேன்" என்று ஊரே கேட்க ஓலமிட்டாள். ஜோவிட்டா எல்லாம் புரிந்தவள்போல அம்மாவைப் பார்த்து நின்றாள். அவளும் வெள்ளாழிப் பிள்ளைதானே. அந்த அழுகை யாருக்கு என்று அவளுக்குத் தெரியும்.

மேற்கு நாட்டில் பிள்ளைகளை வீட்டுக்கு ஒருவராகப் பிரித்து, வெவ்வேறு ஊர்களில் வளர்ப்புக் குடும்பங்களிடம் கொடுத்தார்கள். முதல் தடவை போனில் முகம் பார்த்தபோது ஜோவிட்டாவின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"சாப்பிடறியாடி?"

"வைக்கறத சாப்பிடறேன். பத்தலம்மா."

"இன்னும் குடுக்க மாட்டாங்களா?"

"என்ன வேணும்னு என்னையே கேக்கறாங்க. பக்கத்துல யாரும் இல்லம்மா. நான் போதும்னு சொன்னா எடுத்துட்டுப் போயிடறாங்க."

அமலி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நல்லாக் கேளு. பசிச்சா நீயே கேக்கணும். எனக்கு வேணும்னு வாய்விட்டுச் சொல்லணும். சொல்லு, எனக்கு வேணும்."

"வெட்கமா இருக்கும்மா."

"அம்மாகிட்டச் சொல்லிப் பாரு. எனக்கு வேணும்."

வெகுநேரம் கெஞ்சியபின் ஜோவிட்டா முணுமுணுத்தாள். இன்னும் பலமாகச் சொல் என்று அமலி விடவில்லை. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அம்மாக்கள் போனை வைத்துக்கொண்டு இதே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். செவியனுக்கு எடுத்த பாடத்தைவிட இது சீக்கிரம் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் அல்லவா?

வருஷம் திரும்பியது. தீவில் பள்ளிக்கூட மணியை அடிக்க ஆளிருந்தும் அடிக்கவில்லை. அடுத்து எது என்று புதிய உரையாடல் தொடங்கியபோது பல வீடுகளில் செவியனைத் துணியால் மூடி வைத்துவிட்டார்கள். மேற்கே ஜோவிட்டா உயரமாகிவிட்டாள். கன்னம் நிறைந்திருந்தது, கண் தெளிந்திருந்தது. அது பொய்யில்லை, அங்கே தண்ணீர் நல்ல தண்ணீர். இப்போதெல்லாம் போனை எடுத்தவுடன் எனக்குப் புது ஷூ வேண்டும், எனக்குத் தனி ரூம் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு அந்தச் சாப்பாடு பிடிக்காது என்று படபடவென்று பேசினாள். அமலிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்குப் பேச்சு முடியும் சமயம் ஜோவிட்டா, "அம்மா, நான் மட்டுமே கேட்டுக்கிட்டு இருக்கேன். உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றாள்.

அமலிக்கு என்ன வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. அதை மைதானத்தில், ஊர் முன்னால் ஒருதடவை சொல்லியும் இருக்கிறாள். இப்போதும் அதுதான் வேண்டும். பிள்ளையின் முகம் தெளிவாக இருந்தது, அதைக் கலக்க அவளுக்கு மனம் வரவில்லை. தங்கபுஷ்பம் அந்த வாரம் முழுவதும் சரக்கு எடுக்க வடக்குத் திட்டுக்குப் போயிருந்தாள்.

"பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குப் பவளத்தப் பாக்கணும் போல இருக்காம்" என்றாள் அமலி. "ஒரே ஒரு தடவை மடியில போட்டுக்கணுமாம். சோறு இறங்கலையாம்."

சொல்லிவிட்டுப் பிள்ளையின் கண்ணையே பார்த்தாள். துறைமுகத்தில் அந்தக் கண்ணுக்கு எல்லாம் புரிந்திருந்தது.

"ஐயோ பாவம் பெரியம்மா" என்றாள் ஜோவிட்டா. "நான் இன்னிக்கே பவளத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன். சரிம்மா, எனக்கு நீச்சல் கிளாஸுக்கு நேரமாச்சு."

போனை வைத்துவிட்டாள்.